சர்ச்சைகளுக்குக் கீழே ஒரு வரி

நல்ல தண்ணி விடுகிற நாளில் எங்கள் வீதிக்குள் கார் கொண்டுவருகிறவனுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டும். வீதியின் அகலமே ஒரு மினி வேன் அளவு. அதில் பாதியைக் குடங்களும் டிரம்களும் பிடித்துக்கொள்ளும், மீதியை நாங்கள் பிடித்துக்கொள்வோம். அன்றைக்கு வேல்குமார் வெள்ளைக் காரை உள்ளே விட்டு, என் டிரம் மூடியை நசுக்கி, அருள்செல்வன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். மூடிக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு இந்தச் சாரதாமணி அந்த வீட்டுப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று யாராவது சொன்னால், காரணம் அவன்தான்.

நான் எதிர் வீடு. வாசற்படியில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறேன். கம்பெனிக்காரர்கள் தைத்த பனியனை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார்கள். தையல் முனையில் தொங்கும் நூலையெல்லாம் குட்டிக் கத்தரியால் நறுக்கி, மடித்து, பொழுது சாய்வதற்குள் திருப்பித் தர வேண்டும். கை பழகிவிட்டால் அது தானாக நடக்கிற வேலை. கண்ணும் காதும் சும்மா இருக்கும். அவற்றை நான் சும்மா விடுவதில்லை.

அருள்செல்வனுக்கு மேலே குடித்தனம், கீழே பிரிண்டிங். பனியன் நெஞ்சில் பூவும் பொம்மையும் அச்சடிக்கிற நாலு நீள மேஜை. மை வாசனை எங்கள் வீட்டுக் குழம்பு வரைக்கும் வரும். வேலை முக்கால்வாசி ஈஸ்வரமூர்த்தியின் பனியன் கம்பெனியிலிருந்து வருவது. ஈஸ்வரமூர்த்தி முன்னாள் எம்எல்ஏ. அவருக்கு வலது கையும் இடது கையும் வேல்குமார். வேல்குமார் யாரென்றால், அருள்செல்வன் மனைவி அனுப்ரியாவுக்குப் பெரியம்மா மகன். ஆக, மேஜை ஓடுவது மச்சான் தயவில்.

அருள்செல்வனிடம் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதல்லவா, அதில் எழுதுவான். காசு வருமா என்று கேட்டேன். இல்லை என்றான். பேராவது வருமா என்றேன். அதுவும் பெரிதாக வராது என்று சிரித்தான். காங்கேயம் காளையைப் பற்றி எழுதியிருக்கிறான், குளங்களைப் பற்றி, காதர்பேட்டைப் பனியன் சந்தையைப் பற்றி எழுதியிருக்கிறான். அதோடு நின்றிருந்தால் அவன் மேஜைகள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஈஸ்வரமூர்த்தியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிவைத்தான்.

பிறந்தது, படித்தது, ஜெயித்தது, பாலம் கொண்டுவந்தது எல்லாம் அதில் உண்டு. அதற்கும் கீழே ‘சர்ச்சைகள்’ என்று ஒரு தலைப்பு. வீரபாண்டிப் பக்கம் அனுமதி இல்லாத ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் மூச்சுத் திணறி, காசிமாயன் உள்ளிட்ட மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். பட்டறையை நடத்தியவர் ஈஸ்வரமூர்த்திதான் என்று அவர்மேல் வழக்கு வந்தது. பட்டறை மூடிக்கிடந்தது, மூவரும் மோட்டாரைத் திருடத் தொட்டிக்குள் இறங்கினார்கள் என்று போலீஸ் சொன்னது. போதிய ஆதாரம் இல்லை என்று கோர்ட் அவரை விடுவித்தது. இவ்வளவுதான், நாலு வரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குட்டி எண், எந்தப் பேப்பரில் வந்தது என்பதற்காக.

இந்த நாலு வரிக்குத்தான் வெள்ளைக் கார் வந்தது. தேர்தல் நெருங்குகிறதாம், தலைவருக்கு மறுபடி சீட் கிடைக்கும் போலிருக்கிறதாம், மேலே இருப்பவர்கள் அவர் பேரைப் போனில் தட்டினால் முதலில் இந்தப் பக்கம்தான் வந்து நிற்கிறதாம். அனுப்ரியா அரிசியும் பருப்பும் சாதம் செய்து அண்ணனுக்கு நெய்யை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடி ஜன்னல் திறந்தே இருந்தது.

“கோர்ட்டே உட்டுருச்சு மாப்ளே. நீங்க என்ன, அதுக்கு மேல ஒரு கோர்ட்டுங்களா?”

“உட்டதையும் எழுதியிருக்கறனுங்க மச்சான். கடைசி வரி அதானுங்.”

“கடைசி வரி வரைக்கும் ஆருங்க படிக்கறாங்க?”

இதில் வேல்குமார் சொன்னது நியாயம். நான்கூடப் படிப்பதில்லை.

பிறகு அவன் வேறு வழியில் வந்தான். தலைவர் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்தாரே, கோயிலுக்குச் சப்பரம் செய்து தந்தாரே, அதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டான். பெஞ்சு கொடுத்ததற்கு அவரே வைத்த பேனரைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை என்று அருள்செல்வன் சொன்னான். பெஞ்சில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது சான்று இல்லையா என்று வேல்குமார் கேட்டான். அந்த இடத்தில் அனுப்ரியா கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

“எங்கண்ணன் வாயைத் தொறந்து ஒண்ணு கேக்கறாரு. அந்த நாலு வரியில நம்ம ஊட்டுக்கு என்னங்க வருது?”

“நா எடுத்தாலும் வேற ஒருத்தரு திருப்பிப் போட்ருவாங்க அம்மிணி.”

“வேற ஒருத்தரு போட்டா அவுங்க ஊட்டு மேசையில வேலை நிக்கட்டும். நம்ம ஊட்டுல எதுக்கு நிக்கோணும்?”

வேல்குமார் சத்தம் போடவில்லை. கையைக் கழுவிவிட்டுக் கீழே வந்து, நாலு மேஜையையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். இந்த வாரம் சாம்பிள் அப்ரூவல் கொஞ்சம் லேட்டாகலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினான். இந்த ஊரில் இதற்குமேல் யாரும் மிரட்டத் தேவையில்லை.

நேராகப் போயிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவன் காரைப் பின்வீதிக்குத் திருப்பினான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு உண்டு, ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஒற்றை அறைகள். அதில் கடைசி அறை மூக்கம்மாளுடையது. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் ஊரில் ஆடு மேய்க்கிறார். இவள் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை. தொட்டிக்குள் செத்த காசிமாயன் இவள் மகன். கூடச் செத்த இரண்டு பேரும் ஒடிசாப் பையன்கள். அவர்கள் பேர் பேப்பரிலும் வரவில்லை, எங்கள் வாயிலும் நுழையவில்லை.

மூக்கம்மாளுக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியும். போனில் இருக்கும் பொடி எழுத்து கண்ணுக்குச் சிக்காது. அதனால் வேல்குமார் அந்த நாலு வரியையும் அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மூன்றாவது வரியை இரண்டு தடவை வாசித்தானாம். உங்கள் மகனைத் திருடன் என்று உலகம் பூராவும் படிக்கிறது, எழுதியவர் உங்களுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார், அந்தப் பகுதியை மொத்தமாக எடுக்கச் சொல்லி நீங்களே போய்க் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கெட்டிக்காரன்தான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவள் அறைக்குப் போகாமல் நேராக இங்கே வந்தாள். கையில் தூக்குவாளி, தலைமுடி பூராவும் பஞ்சு. ஆடிக் காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்றுக்கு மண் கிடையாது, பஞ்சும் நூல் பிசிறும்தான் பறக்கும். அருள்செல்வன் மை வழித்த கையோடு மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

“தம்பி, எம்மவன் களவாங்கப் போனான்னு எழுதியிருக்கியாம்ல.”

“நான் சொல்லலீங்கம்மா. போலீஸ் அப்படிச் சொல்லுச்சுன்னுதான் எழுதியிருக்கறனுங்க.”

“போலீசு அன்னைக்கி ஒரு நாள் சொல்லிட்டுப் போயிருச்சுய்யா. நீ எதுக்குத் தெனமும் சொல்லிக்கிட்டுருக்க?”

நான் கத்தரியை நிறுத்திவிட்டேன்.

“நாலு வீடு தள்ளித்தேன இருக்கேன். ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியா?”

“கேக்கக் கூடாதுங்க. நானே கேட்டு எழுதுனாச் செல்லாதுங்க. அது அங்க விதி.”

“நல்ல விதிய்யா.” மூக்கம்மாள் தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள். “மேஸ்திரி போன் பண்ணுனாரு. தொட்டி வழிக்கணும் வாடான்னாரு. சோத்தப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சான். மாத்துக் கைலி எடுத்துக்கிட்டான், சோப்பு டப்பா எடுத்துக்கிட்டான், வேல முடிஞ்சு குளிச்சிட்டுத்தேன் வருவேன்னான். களவாங்கப் போறவன் சோப்பு டப்பாவா எடுத்துக்கிட்டுப் போவான்? நீ படிச்ச பிள்ள, நீ சொல்லு.”

அனுப்ரியா படியில் இறங்கி வந்தாள். மூக்கம்மாள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் அதற்குள் போனில் சொல்லிவிட்டிருப்பான். அவள் இதமாகத்தான் பேசினாள். அந்தப் பகுதியையே எடுத்துவிட்டால் உங்கள் மகன் பேச்சும் போய்விடும், எங்களுக்கும் நிம்மதி, நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்றாள். மூக்கம்மாள் மேஜையில் காய்ந்துகொண்டிருந்த பனியன்களையே பார்த்தாள். ஒரே மாதிரி மஞ்சள் வாத்து வரிசையாக.

“அதத்தேன் அந்தக் காருக்காரத் தம்பியும் சொல்லுச்சு. ராத்திரி பூராம் ரோசிச்சேன் ஆத்தா. அம்புட்டையும் எடுத்துட்டா அவரு சுத்தமாயிருவாரு. எம்மவன் செத்ததே இல்லேன்னு ஆயிரும். செத்தது இருக்கட்டும். களவ மட்டும் எடு.”

அருள்செல்வன் அந்த ஒரு வரியை அன்றைக்கே எடுத்துவிட்டான். அடுத்த நாள் காலையில் அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற, இவன் முகம் பார்க்காத ஒரு மனிதர் திருப்பிப் போட்டிருந்தார். பேப்பரில் வந்த செய்தியை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்டிருந்தார். குடும்பத்தார் மறுக்கிறார்கள் என்று இவன் எழுதினான். மறுத்ததற்குச் சான்று உண்டா என்று அவர் கேட்டார். மரியாதையான ஆள். ‘அன்புடன்’ என்று முடித்திருந்தார்.

சான்றுதானே, நான் இருக்கிறேனே என்று சொன்னேன். செத்த அன்றைக்குக் காசிமாயன் என் வாசலைத் தாண்டித்தான் போனான். தோளில் கைலி கிடந்தது. தொட்டி வேலையா கண்ணு என்று கேட்டேன், ஆமாக்கா என்றான். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்கு இந்த வீதியே சாட்சி. சாரதாமணி, பிசிறு வெட்டுபவர், எதிர் வீடு என்று குட்டி எண் போட்டு எழுதிக்கொள் என்றேன்.

“அச்சுல வந்திருக்கோணுங்க்கா” என்றான் அருள்செல்வன், பாவமாக.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு பனியனின் கையையே நறுக்கிவிட்டேன். இந்தப் பகுதியில் எது நடந்தாலும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அந்தச் சாயப்பட்டறை யாருடையது என்று தெரியாத ஆள் இங்கே ஒருவர் இல்லை. ஓடையில் தண்ணீர் சிவப்பாக ஓடினால் தலைவர் கம்பெனிக்குச் சிவப்பு ஆர்டர் என்று பிள்ளைகள்கூடச் சொல்லும். அது எதுவும் எழுதத் தகாதது, ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன் பேப்பரில் போட்டது மட்டும் தகும் என்றால், என்ன களஞ்சியமோ.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மூக்கம்மாள் தண்ணிக் குடத்தோடு நின்றிருந்தாள். ‘அச்சு’ என்ற வார்த்தையை மட்டும் அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஃபிளெக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள். மகன் செத்த நாள் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் பிறந்தாலும் பேனர், காது குத்தினாலும் பேனர், செத்தாலும் பேனர். கடைக்காரன் எல்லோருக்கும் போடுகிற வெள்ளைப் புறாவையும் மெழுகுவத்தியையும் போட்டு, நடுவில் காசிமாயன் படத்தை வைத்து, கண்ணீர் அஞ்சலி என்று கொட்டை எழுத்தில் அடித்துவிட்டான். அதற்குக் கீழே வழக்கமாக வருகிற ‘எங்களை ஆறாத் துயரில்’ என்பதை வேண்டாம் என்றிருக்கிறாள். தான் சொல்கிறதை எழுதச் சொல்லியிருக்கிறாள். ‘சாயத் தொட்டியை வழிக்கக் கூப்பிட்டுப் போன இடத்தில் இறந்தான். திருடப் போகவில்லை. இப்படிக்கு, தாய் மூக்கம்மாள்.’

வீதி முக்கில், ஈஸ்வரமூர்த்தியின் பிறந்தநாள் பேனர்கள் வரிசையாக நின்ற இடத்தில்தான் கம்பம் காலியாக இருந்தது. அங்கேயே கட்டவைத்தாள். கட்டி முடித்ததும் அருள்செல்வனைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போனாள். இந்த மாதிரி விஷயத்துக்கு என்னைக் கூப்பிடத் தேவையில்லை, நான் முன்னாலேயே போய் நின்றிருந்தேன்.

“அச்சடிச்சுட்டேன்யா. இப்ப எழுது.”

அருள்செல்வன் பேனரை மேலிருந்து கீழே பார்த்தான். திரும்பவும் பார்த்தான். நல்லவனாக இருப்பதில் இது ஒரு கஷ்டம், பொய் சொல்ல வராது.

“இது நீங்களே போட்டதுங்கம்மா. நம்மளப் பத்தி நம்மளே போட்டுக்கறது செல்லாதுங்க.”

“அவரும் அவரேதேன போட்டுருக்காரு? பாலங்கட்டுனேன், பெஞ்சு குடுத்தேன்னு?”

“அதையும் நான் எடுத்துக்கலீங்க. பேப்பர்ல வந்ததைத்தான் எழுதுனனுங்க.”

“போலீசு சொன்னா பேப்பர்ல வரும். அவரு சொன்னாலும் வரும். நான் சொன்னா எதுலய்யா வரும்?”

காற்றில் பேனர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் தலைகுனிந்து நின்றான். மூக்கம்மாள் அவனைத் திட்டியிருந்தால் அவனுக்கும் நன்றாக இருந்திருக்கும். அவள் பேனரின் அவிழ்ந்த முனையை இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

விடிந்து பார்த்தால் பேனர் இரண்டு துண்டு. ஆடிக் காற்று என்று வேல்குமாரின் ஆட்கள் சொன்னார்கள். ஆடிக் காற்று பிளேடு வைத்துக்கொண்டு வருமென்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படி நேர்கோட்டில் அறுத்திருந்தது. பக்கத்துப் பிறந்தநாள் பேனரில் ஒரு கிழிசல் இல்லை.

மூக்கம்மாள் அழவில்லை, மண்ணைத் தூற்றவில்லை. மகன் முகம் இருந்த துண்டை மடியில் விரித்துக்கொண்டு, ரோட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். அது கம்பெனி வேன்கள் ஆள் ஏற்றிப் போகிற நேரம். ஒரு வேன் நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் நூல் மூட்டை ஏற்றிய லாரி. வீரபாண்டிப் பிரிவு வரைக்கும் நின்றுபோயிற்று. இறங்கி வந்த டிரைவர்கள் முதலில் கத்தினார்கள். மடியில் இருந்த படத்தைப் பார்த்ததும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஓரமாக நின்றுகொண்டார்கள். வேன்களுக்குள் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தமிழ் தெரியாத வடக்கத்திப் பையன்கள் என்னவென்று தெரியாமலே வந்து சுற்றி நின்றார்கள்.

ஷிப்ட் நின்றால் இந்த ஊரில் பேப்பர்காரன் வந்துவிடுவான். சாவுக்கு வராவிட்டாலும் டிராபிக்குக்கு வருவான். அவன் கேட்டான், இவள் சொன்னாள். போலீஸ் பேசி எழுப்புவதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டாள், சோப்பு டப்பா உட்பட. மறுநாள் உள்பக்கத்தில் படத்தோடு வந்தது, ‘அஞ்சலி பேனர் கிழிப்பு: தொழிலாளியின் தாய் மறியல்’ என்று. வேல்குமாரின் ஆட்கள் மட்டும் பேனரை விட்டுவைத்திருந்தால் அதை எங்கள் வீதிக்காரர்கள் தவிர ஒரு நாய் பார்த்திருக்காது. மச்சான் புண்ணியத்தில் அச்சு கிடைத்தது. பேப்பரை நான்தான் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அருள்செல்வன் வீட்டில் நாலு பேர் இருந்தோம். அனுப்ரியா மட்டும் சுவரோரமாக நின்றாள். அருள்செல்வன் போனில் தட்டிவிட்டு மூக்கம்மாளுக்கு வாசித்துக் காட்டினான். போலீஸ் சொன்ன வரி அப்படியே இருந்தது. அதை ஒட்டி ஒரு புது வரி: ‘இறந்தவர்களில் ஒருவரான காசிமாயனின் தாய் மூக்கம்மாள் இதை மறுத்தார், தொட்டியைச் சுத்தம் செய்யவே தன் மகன் வரவழைக்கப்பட்டதாகவும், அவன் திருடச் செல்லவில்லை என்றும் அவர் கூறினார்.’

மூக்கம்மாள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு சோப்பு டப்பா எங்கே என்று கேட்டாள்.

“அது வேண்டாமுங்கம்மா.”

“பேப்பர்லயே வந்துருக்கே. செல்லும்ல?”

“செல்லுமுங்க. ஆனா இது அவரப் பத்தின பக்கம். இதுல உங்க பையனுக்கு இவ்வளவுதானுங்க எடம்.”

“அப்ப எம்மவனுக்குன்னு தனியா ஒண்ணு எழுது.”

அதற்கும் அங்கே ஒரு விதி இருந்தது. தனிப் பக்கம் எழுதுவதென்றால், அந்த ஆள் ஏதாவது செய்திருக்க வேண்டும், அது நாலு இடத்தில் அச்சில் வந்திருக்க வேண்டும் என்றான். காசிமாயன் செத்ததைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. மூக்கம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அனுப்ரியாவைப் பார்த்து, உன் வீட்டுக்கு என்னாலே தொந்தரவு வரும் ஆத்தா என்று சொன்னாள். தொந்தரவு எந்நேரம் வரும் என்று அனுப்ரியா வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அந்த வாரத்துக்குள் வந்தது. மினி வேன் வந்து நின்று, அச்சடிக்காத பனியன் மூட்டைகளையும் சாம்பிள்களையும் ஏற்றிக்கொண்டு போனது. வேல்குமார் வரவில்லை, டிரைவர் மட்டும்தான். மஞ்சள் வாத்து ஒன்று மேஜையில் பாதி அச்சோடு கிடந்தது. அருள்செல்வன் தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் போனான். எல்லோரும் டீ கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. கடைசியில் வீரபாண்டியில் இன்னொருவர் பிரிண்டிங்கில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தான். நாலு மேஜைக்கு முதலாளியாக இருந்தவன் காலையில் சாப்பாட்டுப் பையோடு வேனுக்கு நிற்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. சங்கடப்பட்டுக்கொண்டேதான் பார்த்தேன்.

அனுப்ரியா என்னிடம் வந்து, ஒரு கத்தரி இருந்தால் தாருங்கள் அக்கா என்று கேட்டாள். என் படியிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்ட ஆரம்பித்தாள். புருஷனோடு சோறு, சாவி, தண்ணி, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. பெரியம்மா வீட்டிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. கந்த சஷ்டிக்கு வீட்டோடு பழனி போவார்கள் எல்லோரும் சேர்ந்து, இந்த வருஷம் இவளைக் கூப்பிடவில்லை. நாலு வரிக்காக என்று ஒரு நாள் என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த பனியனை எடுத்தாள்.

மூக்கம்மாள் தினமும் காலையில் வேனுக்குப் போகிற வழியில் நின்று கேட்பாள், “இன்னைக்கி இருக்கா ஆத்தா?” அருள்செல்வன் அதற்கு முன்பே கிளம்பிவிடுவான் என்பதால் அனுப்ரியாதான் போனைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் வெடுக்கென்றுதான் சொன்னாள். பார்க்காமலே இருக்குதுங்க என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. பிறகு பார்த்துச் சொன்னாள். பிறகு இவளே வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். அந்த வரி சும்மாவும் இருக்கவில்லை. சில நாள் காணாமல் போகும், அருள்செல்வனோ அந்த மரியாதைக்கார மனிதரோ திருப்பிப் போடுவார்கள். எடுக்கிறவர்கள் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை, சொன்னால் சான்று கேட்பார்கள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலை. மூட்டைகள் நனையாமல் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். மூக்கம்மாள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். முக்கில் அவள் வேன் வந்து நின்றது.

அனுப்ரியா போனை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். பிறந்தது, படித்தது, ஜெயித்தது, பாலம், பெஞ்சு, சப்பரம், அதோடு பக்கம் முடிந்துவிட்டது. ‘சர்ச்சைகள்’ என்ற தலைப்பே இல்லை. நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்குதுங்க, போய்ட்டு வாங்க என்று சொல்லி அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன், சாயங்காலம் புருஷன் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று.

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் அனுப்ரியா.

விரலில் ஒட்டியிருந்த பஞ்சைப் புடவையில் துடைத்தாள். அருள்செல்வன் செய்வதை எத்தனை நாள் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தாளோ தெரியாது. முந்தைய நாள் பக்கத்தைத் தேடி எடுத்து, பழையபடி ஆக்கினாள். எதற்காக மாற்றுகிறீர்கள் என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

“காரணங் கேக்குதுங்க்கா.”

என்னிடம் காரணத்துக்கா பஞ்சம். பட்டறையிலிருந்து ஆரம்பித்தேன். அவள் நான் சொன்ன எதையும் எடுத்துக்கொள்ளாமல் ‘சான்று உள்ளது’ என்று இரண்டே வார்த்தை அடித்தாள். மாற்றியது யார் என்று கேட்கும் இடத்தில், அவன் முன்பு இந்தப் போனிலும் எழுதியிருந்ததால், புருஷன் பேர் வந்து நின்றது. அதை எடுத்துவிட்டுத் தன் பேரில் உள்ளே போனாள். அந்தப் பேரை எப்போது பதிந்துவைத்தாள் என்பது எதிர் வீட்டில் இருக்கிற எனக்கே தெரியாது.

“அம்மிணி, உங்கண்ணன் பாப்பாரு” என்றேன்.

“பாக்கட்டுங்க்கா. அதுக்குத்தானுங்க பேரு.”

முக்கில் வேன்காரன் ஹாரன் அடித்தான். மூக்கம்மாள் ஓடினாள். படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பி, வாசிக்கவில்லையே ஆத்தா என்று கேட்டாள். அனுப்ரியா மழையில் இறங்கி வேன் வரைக்கும் நடந்தாள், போனைக் கையால் மறைத்துக்கொண்டு.

“எம்மவன் பேரு வர்ற எடத்துல கொஞ்சம் நிறுத்தி வாசி” என்றாள் மூக்கம்மாள்.

வேனுக்குள் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேன்காரன் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். அனுப்ரியா தலைப்பிலிருந்து தொடங்கி வாசித்தாள்.